கல்லூரி மெயில், வைஃபை, போர்ட்டல்: புதுச்சேரி–கடலூர் ஆசிரியர்களும் மாணவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செமஸ்டர் தொடங்கும்போதெல்லாம் கணினி மையத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வரும். "மின்னஞ்சல் சேவை மேம்படுத்தப்பட்டுள்ளது, அனைவரும் ஒத்துழைக்கவும்" என்று நான்கு வரி, கீழே ஒரு கையெழுத்து. என்ன மாறியது, ஏன் மாறியது, நாம் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்காது. அன்று மதியமே கணினி மையத்தில் போன் அடிக்க ஆரம்பித்துவிடும்.

காலாப்பட்டில் படித்தாலும் மஞ்சக்குப்பத்தில் பாடம் எடுத்தாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஏனென்றால் இந்த மாற்றங்களில் பாதிக்கு மேல் உங்கள் கணினி மையம் முடிவு செய்தவை அல்ல. கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆண்ட்ராய்டு, யுஜிசி என்று மேலேயிருந்து வந்து இறங்கியவை. காரணம் தெரிந்தால் பாதி எரிச்சல் குறையும், மீதிப் பாதிக்கு வழி கிடைக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

டிரைவில் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். இப்போது "இடம் நிரம்பிவிட்டது" என்று வருகிறது. யார் குறைத்தது?

கூகுள்தான். கல்வி நிறுவனங்களுக்குக் கொடுத்துவந்த அளவில்லாத இடத்தை நிறுத்தப்போவதாக 2021 பிப்ரவரியில் அறிவித்தது. 2022 ஜூலையிலிருந்து இலவசப் பதிப்பில் இருக்கும் ஒரு நிறுவனம் முழுமைக்கும் சேர்த்து 100 டெராபைட். கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆசிரியர், மாணவர், பழைய மாணவர் என்று 10,000 கணக்கு இருந்தால் தலைக்கு 10 ஜிபிதான். சும்மா தொடங்கும் சொந்த ஜிமெயிலுக்கே 15 ஜிபி கிடைக்கிறது.

இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் கொரோனா காலத்து வகுப்பு வீடியோக்கள். டிரைவின் இடதுபக்கத்தில் இருக்கும் "சேமிப்பகம்" என்பதை அழுத்தினால் பெரிய கோப்புகள் முதலில் வரும். மெயிலில் தேடல் பெட்டியின் வலது ஓர அடையாளத்தை அழுத்தி, அளவு 10 எம்பிக்கு மேல் என்று கொடுத்துத் தேடலாம். குப்பைத்தொட்டியில் கிடப்பவையும் கணக்கில் சேரும். 30 நாள் கழித்துத்தான் தானாக அழியும். ஆகவே அழித்த பிறகு தொட்டியையும் காலி செய்துவிடுங்கள்.

படிப்பு முடிந்துவிட்டது. கல்லூரி மெயில் எவ்வளவு நாள் இருக்கும்?

இது உங்கள் நிறுவனத்தின் முடிவு. முன்பெல்லாம் பழைய மாணவர் கணக்கை யாரும் தொடுவதில்லை. மேலே சொன்ன 100 டெராபைட் வரம்பு வந்த பிறகு பல இடங்களில் சில மாத அவகாசத்தோடு மூடிவிடுகிறார்கள். "இரண்டு வருடம் பயன்படுத்தாவிட்டால்தானே கூகுள் அழிக்கும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த விதி சொந்தக் கணக்குகளுக்கு மட்டும்தான். கல்லூரிக் கணக்கை உங்கள் நிர்வாகி நாளைக்கே மூடலாம்.

டிசி வாங்குவதற்கு முன்னால் இரண்டு வேலையை முடித்துவிடுங்கள். கோப்புகளைச் சொந்தக் கணக்குக்கு நகலெடுப்பது ஒன்று. கல்விக் கணக்குகளில் இதற்கென்றே ஒரு பரிமாற்ற வசதி இருக்கிறது, நிர்வாகி திறந்துவைத்திருந்தால் மெயிலையும் டிரைவையும் அப்படியே சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிவிடும். இல்லையென்றால் கூகுளின் டேக்அவுட் என்ற தரவிறக்க வசதி மூலம் இறக்கிக்கொள்ள வேண்டும். சொந்தக் கணக்கோடு கோப்பைப் பகிர்ந்துவைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பகிர்ந்தாலும் உரிமை கல்லூரிக் கணக்கில்தான் இருக்கும், கணக்கு போகும்போது கோப்பும் போய்விடும்.

இரண்டாவதுதான் எல்லோரும் மறப்பது. அந்தக் கல்லூரி மெயிலை எங்கெல்லாம் கொடுத்து வைத்திருக்கிறீர்கள்? ஓஆர்சிஐடி என்ற ஆய்வாளர் அடையாள எண், ஆய்விதழ்களின் கணக்கு, லிங்க்ட்இன், வேலைக்கு விண்ணப்பித்த தளங்கள், சிலருக்கு வங்கிக் கணக்குகூட. பாஸ்வேர்ட் மறந்து "மீட்டெடு" என்று அழுத்தினால் கடிதம் மூடிப்போன மெயிலுக்குப் போகும். எல்லாவற்றிலும் சொந்த மெயிலை இரண்டாவதாகச் சேர்த்துவிடுங்கள்.

எங்கள் துறைத்தலைவர் ஓய்வு பெறுகிறார். கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் மதிப்பீட்டுக்கான கோப்பெல்லாம் அவர் டிரைவில் இருக்கிறது.

அவர் பிரிவுபசார விழாவுக்கு முந்தைய வாரமே உட்கார்ந்து உரிமையை மாற்றுங்கள். ஒரே நிறுவனத்துக்குள் இருக்கும் இன்னொரு கணக்குக்கு உரிமையை மாற்ற முடியும். இதைவிட நல்லது, துறைக்கென்று ஒரு பகிர்வு இயக்ககம் (ஷேர்டு டிரைவ்) வாங்கி எல்லாவற்றையும் அதில் போடுவது. அதில் இருக்கும் கோப்புகள் தனி ஆளுக்குச் சொந்தமில்லை, நிறுவனத்துக்குச் சொந்தம். யார் வந்தாலும் போனாலும் அங்கேயே இருக்கும். நாக் குழு வருவதற்கு முந்தைய நாள் ஓய்வு பெற்றவர் வீட்டுக்கு ஆள் அனுப்பும் வேலை மிச்சம்.

லாகின் செய்யும்போது போனில் கோட் கேட்கிறது. அலுவலக வேலைக்கு என் சொந்தப் போனை எதற்குக் கொடுக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. நிறையப் பேர் மனதில் வைத்துக்கொண்டு கேட்காமல் இருக்கிறார்கள். போன் எண்ணைக் கொடுக்க விருப்பமில்லை என்றால் வேறு வழிகள் இருக்கின்றன. கணினியில் செருகும் யுஎஸ்பி சாவி ஒன்று. ஆதென்டிகேட்டர் செயலி இன்னொன்று. அதில் போன் எண்ணே தேவையில்லை, சிம் இல்லாத பழைய போனிலும் ஓடும்.

எஸ்எம்எஸ் ஓடிபியைவிட அந்தச் செயலியை நான் பரிந்துரைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நீங்கள் முதலில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசிய எண் உங்கள் போனுக்கும் சர்வருக்கும் பொதுவாகிவிடுகிறது. அப்புறம் அந்த எண்ணையும் அப்போதைய நேரத்தையும் வைத்து இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு 30 விநாடிக்கு ஒரு ஆறு இலக்க எண்ணை உண்டாக்குகின்றன. போனுக்கு எதுவும் வந்து சேர வேண்டியதில்லை. டவர் இல்லாத ஆய்வகத்திலும், மழையில் நெட் போன இரவிலும் வேலை செய்யும். "கோட் சரியாகத்தான் போடுகிறேன், தப்பு என்கிறது" என்று வருபவர்களின் போனில் பெரும்பாலும் கடிகாரம் ஓரிரு நிமிடம் தள்ளி ஓடிக்கொண்டிருக்கும். நேரத்தைத் தானியங்கியில் வையுங்கள், சரியாகிவிடும்.

போன் தொலைந்துவிட்டது. இனி எப்படி உள்ளே போவது?

இரண்டடுக்குப் பாதுகாப்பை இயக்கும்போதே 10 காப்பு எண்கள் தருவார்கள், ஒவ்வொன்றும் ஒரு முறை மட்டும் செல்லும். அதை அச்செடுத்துச் சான்றிதழ் கோப்பில் வைத்தவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தவர்கள் அடையாள அட்டையோடு கணினி மையத்துக்கு வர வேண்டியதுதான்.

துறையில் இருக்கும் ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும். திடீரென்று நின்றுவிட்டது.

வெறும் பயனர் பெயர், பாஸ்வேர்டோடு பழைய கருவிகள் உள்ளே வருவதைக் கூகுள் 2025-இல் நிறுத்திவிட்டது. பழைய அவுட்லுக் திரும்பத் திரும்ப பாஸ்வேர்ட் கேட்பதற்கும் இதுவே காரணம். அவுட்லுக்கில் கணக்கை நீக்கிவிட்டு, "கூகுள் மூலம் உள்நுழை" என்ற வழியில் மறுபடி சேர்க்கவும். மெஷினுக்கு அது தெரியாது. அந்தக் கணக்கில் இரண்டடுக்குப் பாதுகாப்பை இயக்கிவிட்டு, செயலிக் கடவுச்சொல் என்று 16 எழுத்தில் ஒன்று உருவாக்கி அதை மெஷினில் போட வேண்டும். சில நிறுவனங்களில் இந்த வசதியையும் அடைத்து வைத்திருப்பார்கள். அப்போது பென்டிரைவில் ஸ்கேன் செய்வதுதான் வழி.

90 நாளுக்கு ஒரு முறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்கிறார்கள். அவசியமா?

என் கருத்து, இல்லை. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள் என்று எழுதிவிட்டது. மாற்றச் சொன்னால் மக்கள் கடைசியில் இருக்கும் 1-ஐ 2 ஆக்குகிறார்கள், அவ்வளவுதான். நீளமாக ஒன்று வைத்து, வேறெங்கும் அதைப் பயன்படுத்தாமல் இருப்பதே மேல். ஆனால் உங்கள் நிறுவனத்தில் விதி இருக்கும்வரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஹாஸ்டல் வைஃபையில் என் போனைப் பதிவு செய்தேன். நேற்று வந்தது, இன்று "பதிவு செய்யப்படாத கருவி" என்கிறது.

எல்லா விடுதியிலும் கேட்கும் கேள்வி இது. பதில் உங்கள் போனில் இருக்கிறது.

ஒவ்வொரு போனுக்கும் லேப்டாப்புக்கும் மேக் முகவரி என்று ஒரு வன்பொருள் எண் உண்டு. "ஒருவருக்கு இரண்டு கருவி" என்று விதி வைத்திருக்கும் வளாகங்களில் இந்த எண்ணை வைத்துத்தான் உங்கள் போனை அடையாளம் காண்கிறார்கள். கடைத்தெருவில், ரயில் நிலையத்தில் எல்லாம் இதே எண்ணை வைத்து ஆட்களைப் பின்தொடர முடியும் என்பதால், போன் தயாரிப்பவர்கள் அதை மறைக்க ஆரம்பித்தார்கள். ஆண்ட்ராய்டு 10-இலிருந்தும் ஐஓஎஸ் 14-இலிருந்தும் போன் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய்யான எண்ணைக் காட்டுகிறது. வைஃபையை "மறந்துவிடு" என்று கொடுத்துவிட்டு மறுபடி சேர்ந்தாலோ, போனை ரீசெட் செய்தாலோ அந்த எண் மாறக்கூடும். புதிய ஐபோன்களில் சில நேரம் தானாகவே சுழன்று மாறும்படியும் ஓர் அமைப்பு இருக்கிறது. சர்வருக்கு நீங்கள் மூன்றாவது கருவியோடு வந்து நிற்கும் புது ஆள்.

வைஃபை அமைப்பில் உங்கள் வளாக நெட்வொர்க்கின் பெயரை அழுத்தினால் "தனியுரிமை" அல்லது "தனிப்பட்ட முகவரி" என்று இருக்கும். அந்த ஒரு நெட்வொர்க்குக்கு மட்டும் கருவியின் உண்மையான எண்ணைப் பயன்படுத்தச் சொல்லிவிட்டு, போனை மறுபடி பதிவு செய்யுங்கள். மற்ற வைஃபைகளுக்கு அப்படியே விட்டுவிடுங்கள். பஸ் நிலைய வைஃபைக்கு உங்கள் உண்மையான எண் தெரிய வேண்டிய தேவை இல்லை.

ஆண்ட்ராய்டு போனில் வைஃபை சேரும்போது "டொமைன்" என்று ஒரு கட்டம் வருகிறது. சீனியர்கள் "சான்றிதழ் வேண்டாம்" என்று கொடு என்கிறார்கள், அப்படி ஒன்று பட்டியலிலேயே இல்லை.

சீனியர் போன் பழசு. ஆண்ட்ராய்டு 11-க்கு வந்த ஒரு திருத்தத்தில் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். காரணம், சரிபார்க்காமல் சேர்ந்தால் யார் வேண்டுமானாலும் உங்கள் கல்லூரி வைஃபையின் பெயரிலேயே ஒரு ரவுட்டரை வைத்து உங்கள் பாஸ்வேர்டைப் பிடித்துவிடலாம். கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்பதைக் கணினி மையம்தான் சொல்ல வேண்டும், ஊகித்துப் போடாதீர்கள். விடுதி அறிவிப்புப் பலகையில் அந்த ஒரு வரியை ஒட்டிவைத்தால் எத்தனையோ பேர் வரிசையில் நிற்பது மிச்சமாகும்.

எஜுரோம் என்றால் என்ன? நமக்குக் கிடைக்குமா?

உங்கள் நிறுவனம் சேர்ந்திருந்தால் கிடைக்கும். இந்தியாவில் இதை எர்நெட் இந்தியா என்ற அரசு அமைப்பு நடத்துகிறது. எஜுரோம் இருக்கும் எந்த வளாகத்துக்கும், வெளிநாட்டுக்கே கருத்தரங்குக்குப் போனாலும், உங்கள் கல்லூரி மெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் போட்டு அங்குள்ள வைஃபையில் சேரலாம். முகவரியின் பின்பாதியைப் பார்த்து அங்குள்ள சர்வர் உங்கள் ஊர் சர்வரிடம் "இவர் உங்கள் ஆளா?" என்று கேட்கும். கிளம்புவதற்கு முன்னால் இங்கேயே ஒரு முறை இணைத்துப் பாருங்கள். அங்கே போய் விமான நிலையத்தில் தடுமாறுவதில் பயனில்லை.

வீட்டிலிருந்து ஆய்விதழ் திறந்தால் கட்டுரைக்குப் பணம் கேட்கிறது. நூலகத்தில் திறந்தால் வருகிறது.

நூலகத்தில் இருக்கும்போது பதிப்பகம் உங்கள் வளாகத்தின் இணைய முகவரியைப் பார்த்து உள்ளே விடுகிறது. வீட்டு நெட்டில் அந்த முகவரி இல்லை. இதற்குத்தான் காந்திநகரில் இருக்கும் யுஜிசியின் நூலக வலையமைப்பு மையமான இன்ஃப்லிப்நெட் நடத்தும் இன்ஃபெட் என்ற உள்நுழைவுச் சேவை இருக்கிறது. பதிப்பகத்தின் தளத்தில் "நிறுவனம் வழியாக உள்நுழை" என்பதை அழுத்தி, உங்கள் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, நூலகம் கொடுத்த கணக்கைப் போடுங்கள்.

ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி எல்லாம் அதில் உண்டு. கட்டுரை ஒன்றுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் நூலகரிடம் கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் இருக்கும். ஒரு சங்கடம்: இது மத்திய, மாநில அரசு நிறுவனங்களோடு தொடங்கிய திட்டம். புதுச்சேரியைச் சுற்றியுள்ள தனியார் கல்லூரி மாணவர்கள் பக்கத்து வளாகத்து நண்பனிடம் கணக்கைக் கடன் கேட்பது இதனால்தான். கொடுக்காதீர்கள். ஒரே கணக்கிலிருந்து நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் இறங்கினால் பதிப்பகம் உங்கள் வளாகத்தையே தடுத்துவிடும். நண்பருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்றால் அதை எழுதிய ஆசிரியருக்கே ஒரு மெயில் போடச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள்.

ஆய்வேட்டைச் சோதித்தால் பிறர் எழுத்தோடு ஒப்புமை 14 விழுக்காடு காட்டுகிறது. பதிவு ரத்தாகிவிடுமா?

ஆகாது. யுஜிசியின் 2018 விதிப்படி 10 விழுக்காடு வரை ஒன்றுமில்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி ஆறு மாதத்துக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை போனால் ஒரு வருடம் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால்தான் பதிவு ரத்து. நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, உரிய சான்றோடு எடுத்தாண்ட மேற்கோள்கள் இவையெல்லாம் கணக்கில் சேரக்கூடாது. உங்கள் 14 விழுக்காட்டில் பாதி நூற்பட்டியலாகவே இருக்கலாம், அறிக்கையை எடுத்த நூலகப் பணியாளரிடம் அவற்றை விலக்கி ஓட்டச் சொல்லிக் கேளுங்கள். வழிகாட்டியிடம் திட்டு வாங்குவது அதற்கு அப்புறம்.

பழைய வினாத்தாள் கோப்பைத் திறந்தால் தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது.

தமிழ்த்துறையிலும் தேர்வுப் பிரிவிலும் புதுக் கணினி வந்தவுடன் கேட்கும் கேள்வி. கோப்பு கெட்டுப்போகவில்லை. அது பாமினி அல்லது வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அந்தக் காலத்தில் ஆங்கில எழுத்துகள் இருந்த இடத்திலேயே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். பாமினியில் "தமிழ்" என்று அடித்தால் கணினிக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இருந்தால் "தமிழ்" என்று தெரியும், இல்லையென்றால் அந்த நான்கு எழுத்தும் அரைப்புள்ளியும்தான். புதுக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை.

அவசரத்துக்கு எழுத்துருவை நிறுவி அச்செடுத்துவிடலாம். ஆனால் போர்ட்டலில் ஏற்ற, தேட, போனில் படிக்க, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடாக மாற்றித்தான் ஆக வேண்டும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுவிட்டது. மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கோப்பில் இடையில் இருக்கும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக எண்ணி மாற்றிவிடும். இயற்பியல் வினாத்தாளில் சமன்பாடு இருந்த இடத்தில் "ஒ", "ஞ" என்று வந்து நிற்கும். வினாத்தாளை அச்சுக்கு அனுப்பும் முன்னால் யாராவது ஒருவர் வரிவரியாகப் படிக்க வேண்டும். அச்சுப்படி மட்டும் இருக்கிறது, கோப்பு இல்லை என்றால் அதைத் தெளிவாகப் படமெடுத்து டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்து பாருங்கள். தமிழ் அச்செழுத்தை நன்றாகவே படிக்கிறது.

இனி அடிப்பதைத் தமிழ்99 விசைப்பலகையில் அடியுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மொழி அமைப்பிலேயே இருக்கிறது, எதையும் இறக்க வேண்டியதில்லை. பாமினியில் பழகிய கைகளுக்கு முதல் சில வாரம் வேதனைதான்.

லேப் கணினிகளில் விண்டோஸ் 10 இருக்கிறது. ஆதரவு முடிந்துவிட்டது என்கிறார்கள். நாளைக்கு ஓடாதா?

ஓடும். 2025 அக்டோபர் 14-ஓடு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டது, அவ்வளவுதான். ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே நாளில் முடிந்தது. கல்வி நிறுவனங்களுக்கு முதல் வருடம் கணினிக்கு ஒரு டாலர் என்ற விலையில் திருத்தங்களை நீட்டித்துத் தருகிறார்கள். கட்டணம், மதிப்பெண் பார்க்கும் அலுவலகக் கணினிகளுக்காவது அதை வாங்க வேண்டும் என்று கேளுங்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். பழைய லேப் கணினிகள் பலவற்றில் அது இல்லை.

அரசு கொடுத்த பழைய லேப்டாப் வைத்திருக்கும் மாணவர்கள் லினக்ஸுக்குப் போகலாம். மத்திய அரசின் கணினி ஆய்வு மையமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் உண்டு, உபுண்டு உண்டு. பைத்தான், சி, லிப்ரே ஆபீஸ், பிரவுசர் என்று இளநிலைப் படிப்புக்கு வேண்டியது எல்லாம் ஓடும். டாலி என்ற கணக்கு மென்பொருளை மட்டும் கேட்காதீர்கள், வணிகவியல் மாணவர்களுக்கு விண்டோஸ்தான்.

ஏபிசி எண் இல்லாமல் தேர்வு விண்ணப்பம் போகவில்லை. டிஜிலாக்கரில் பெயர் பொருந்தவில்லை என்கிறது.

ஏபிசி என்பது 2021-இல் யுஜிசி கொண்டுவந்த கிரெடிட் வங்கி. நீங்கள் எந்தக் கல்லூரியில் எடுத்த கிரெடிட்டும் ஒரே கணக்கில் சேரும். 12 இலக்க எண், டிஜிலாக்கர் வழியாக உருவாக்கிக்கொள்ள வேண்டும். அது ஐந்து நிமிட வேலை. நம் ஊரில் ஐந்து வாரம் ஆவதற்குக் காரணம் இனிஷியல்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் "கவிதா செ". ஆதாரில் "கவிதா செல்வராஜ்". கல்லூரிச் சேர்க்கைப் பதிவேட்டில் "செ. கவிதா", நடுவில் ஒரு புள்ளி, ஓர் இடைவெளி. நமக்கு மூன்றும் ஒரே பெண். கணினிக்கு மூன்று பேர். இந்தியா முழுமைக்கும் செய்த படிவங்களில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்துவிடுகிறார்கள், அப்பா பெயரின் முதலெழுத்தை எதில் போடுவது என்று யாரும் யோசிக்கவில்லை. இதற்கு மாணவர்களை விரட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எதை எதற்கு ஏற்ப மாற்றுவது? பத்தாம் வகுப்புச் சான்றிதழை அச்சாணியாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். சான்றிதழை மாற்றுவது பெரிய வேலை, ஆதாரை மாற்றுவது சிறிய வேலை. ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள். ஆகவே ஏற்கெனவே ஒரு முறை மாற்றியவர்கள் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துவிட்டுப் போங்கள். கல்லூரிப் பதிவேட்டில் உள்ள பிழையை மட்டும் திருத்தினால் போதுமா என்று முதலில் அலுவலகத்தில் கேளுங்கள். பல நேரம் அதுவே போதும்.

படிவத்தில் பின்கோடு போட்டவுடன் "தமிழ்நாடு" என்று தானாக விழுகிறது. நான் புதுச்சேரி.

அஞ்சல் எல்லையும் மாநில எல்லையும் இங்கே ஒன்றில்லை. 605-இல் தொடங்கும் எண் புதுச்சேரிக்கும் உண்டு, சாலையைத் தாண்டிய கோட்டக்குப்பத்துக்கும் உண்டு. பாகூர் பக்கம் கடலூரைப் போல 607-இல் தொடங்கும். முதல் மூன்று இலக்கத்தை வைத்து மாநிலத்தை முடிவு செய்யும் போர்ட்டல்கள் இங்கே தடுக்கி விழுகின்றன. கீழ்ப்பட்டியலில் கையால் மாற்றிவிடுங்கள். உங்கள் குடியிருப்புச் சான்றிதழை எந்த அரசு கொடுத்ததோ அந்த மாநிலம்தான் வர வேண்டும். மாற்ற விடாமல் பூட்டியிருந்தால் திரையைப் படமெடுத்து, விண்ணப்பம் அனுப்பும் முன்னால் உதவி மையத்துக்கு அனுப்புங்கள். அனுப்பிய பிறகு திருத்துவது கஷ்டம், உதவித்தொகை சரிபார்ப்பில் போய் மாட்டும்.

யுபிஐயில் கட்டணம் கட்டினேன். பணம் போய்விட்டது, போர்ட்டலில் "நிலுவை" என்றே இருக்கிறது.

உடனே இரண்டாவது முறை கட்டாதீர்கள். கடைசி நாளாக இருந்தால் மட்டும் கட்டுங்கள், ஒன்றைத் திரும்பப் பெறலாம். வணிகக் கணக்குக்கு யுபிஐயில் கட்டி உறுதி வராமல் போனால் ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-இல் விதித்திருக்கிறது. அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு வங்கி தர வேண்டும். பணம் திரும்பாமல் கல்லூரிக்கே போய்ச் சேர்ந்திருந்தால், யுபிஐ செயலியில் இருக்கும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணோடு கணக்குப் பிரிவுக்குப் போங்கள். "பணம் போச்சு சார்" என்று திரையை மட்டும் காட்டினால் அவர்களால் எதையும் தேட முடியாது.

மழை வந்தாலே போர்ட்டல் படுத்துவிடுகிறது. எல்லாம் கிளவுடில்தானே இருக்கிறது?

மெயில் கிளவுடில் இருக்கலாம். அதற்குள் நுழையும் லாகின் சர்வர் பல வளாகங்களில் இங்கேயேதான் இருக்கிறது. மின்சாரம் போனால் யுபிஎஸ் கொஞ்ச நேரம், பிறகு ஜெனரேட்டர், டீசல் தீரும் வரை. மரம் விழுந்து ஃபைபர் அறுந்தால் அதுவும் உதவாது. தானே புயல் 2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே. நகரில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. இரண்டுமே செமஸ்டர் தேர்வுக் காலத்தை ஒட்டி வந்தவை. வடகிழக்குப் பருவமழையும் நம் ஒற்றைப்படை செமஸ்டர் தேர்வும் ஒரே மாதங்களில் மோதிக்கொள்கின்றன என்பது தெரிந்த விஷயம்தான், ஆனாலும் கடைசித் தேதிகளை நவம்பர் 30 என்று வைப்பதை யாரும் விடுவதில்லை.

ஹால் டிக்கெட் வெளியான அன்றே இறக்கி ஒரு பிரதி அச்செடுத்துவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் பணி ஒப்படைப்பை முந்தைய நாளே ஏற்றுங்கள். ஆசிரியர்கள் அகமதிப்பெண்ணைப் போர்ட்டலில் மட்டும் வைத்திராமல் ஒரு கோப்பாகவும் வைத்திருங்கள்.

"24 மணி நேரத்தில் உங்கள் மெயில் மூடப்படும், இங்கே அழுத்தவும்" என்று கணினி மையம் பெயரில் வருகிறது.

கணினி மையம் மெயிலில் பாஸ்வேர்ட் கேட்காது. துணைவேந்தர் படம் போட்ட வாட்ஸ்ஆப்பிலிருந்து "மீட்டிங்கில் இருக்கிறேன், கிஃப்ட் கார்டு வாங்கி அனுப்பு" என்று வருவதும் இதே கூட்டம்தான். அழுத்திப் பாஸ்வேர்ட் கொடுத்துவிட்டால் உடனே மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள். அப்புறம் மெயில் அமைப்பில் முன்னனுப்பு முகவரி ஏதாவது புதிதாகச் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் அது வழியாக உங்கள் கடிதங்கள் போய்க்கொண்டே இருக்கும். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குத் தாமதிக்காமல் அழைக்கவும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

கூகுள் மீட்டில் வகுப்பைப் பதிவு செய்யும் பொத்தான் காணோம்.

இலவசக் கல்விப் பதிப்பில் அது இல்லை. கட்டணப் பதிப்பில்தான் உண்டு.

கணினி மையத்துக்குப் புகார் எப்படி எழுதினால் சீக்கிரம் வேலை நடக்கும்?

"நெட் வரல சார்" என்று எழுதினால் திரும்ப நான்கு கேள்வி வரும், அதற்குள் மாலை ஐந்து மணி ஆகிவிடும். எந்தக் கட்டிடம், எந்த அறை, போனா லேப்டாப்பா, பக்கத்தில் இருப்பவருக்கு வருகிறதா, எப்போதிலிருந்து, திரையில் வந்த எச்சரிக்கையின் படம். இவ்வளவும் ஒரே மெயிலில். "இரண்டாம் மாடி, வேதியியல் ஆய்வகம், லேப்டாப்பில் காலை 10 மணியிலிருந்து வைஃபை சேருகிறது ஆனால் பக்கம் திறக்கவில்லை, போனில் வருகிறது, படம் இணைப்பில்" என்று ஒருவர் எழுதினால் அவர் வேலை முதலில் முடியும். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதாதீர்கள், எழுதுகிறார்கள்.